நிவேதனாவைக் கேட்டு

ஏரிக்கரை மிஷன் வீடு, மலாவி
14 ஓகஸ்ட் 2022

அன்புள்ள அக்கா,

போனில் கதைக்கும்போதெல்லாம் நிவேதனா உங்களுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள். அவளுக்கு முன்னால் கேட்க முடியாத விசயம் ஒன்று இருப்பதால் எழுதுகிறேன். எங்கள் மிஷனில் வேலை செய்யும் ஸ்ரெல்லா என்ற மட்டக்களப்பு நேர்ஸ் லீவில் ஊருக்கு வருகிறா. அவவின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நாங்கள் சுகம். தண்ணீர் எடுக்க ஏரிக்குப் போகும் பெண்களின் சத்தத்தில் எழும்புவேன். ஜெபம் முடிந்ததும் இவர் சைக்கிளில் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். போன கிழமை முழுக்க ஒரு குழாய்க்கிணற்றைக் கழற்றிப் பூட்டியதுதான் இவருடைய ஊழியம். சேட்டெல்லாம் கிறீஸ் மணக்க வந்து இருந்து பிரசங்கம் எழுதினார். நான் கிளினிக்கில். பிள்ளைப்பேறு பார்ப்பதுதான் கூட. இங்கே என்னை எல்லோரும் ‘அமாயி’ என்று கூப்பிடுவார்கள். அம்மா என்று அர்த்தம்.

பின்னேரத்தில் நெத்தலி மாதிரி ஒரு சின்ன மீனை நாணல் தட்டிகளில் காயவிடுவார்கள். அந்த மணம் வந்தால் ஐயாவின் நினைப்பு வரும். மயிலிட்டியில் பிறந்து, அகதி முகாமில் வளர்ந்த எனக்கு, ஒரு மீன்பிடிக் கரையில் வாழக் கிடைத்தது இங்கேதான்.

இனி அந்த விசயம். போன மாதம் நீங்கள் அனுப்பிய படத்தில் நிவேதனாவின் நெற்றியில் திருநீறு. பின்னால் கீரிமலைக் கோயில் கோபுரம். இவர் கனநேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி வெளியே போய்விட்டார். ஊர் ஊராய்ப் போய் மற்றவர்களுக்குப் பிரசங்கிக்கிற மனிசன், அக்கா. அவருடைய மனம் எப்படி இருக்கும்?

மற்றது, போனில் அவள் ‘ஓம்’, ‘இல்லை’ இரண்டையும் தவிர வேறொன்றும் சொல்கிறாள் இல்லை. இரண்டு வருசம் என்று சொல்லித்தான் உங்களிடம் விட்டுவிட்டு வந்தோம். இங்கே பள்ளிக்கூடமும் இல்லை, மலேரியாவும் பயம். பிறகு கொரோனா வந்து எல்லா வழியையும் பூட்டிவிட்டது. அது அவளுக்கு விளங்கவில்லையோ? என்னோடு கோபமோ? உங்களுக்குச் சொல்லுவாள்தானே.

அத்தானுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கோ.

சுபாஜினி


மயிலிட்டி
2 ஒக்டோபர் 2022

சுபா,

ஸ்ரெல்லா வந்து கடிதம் தந்திட்டுத் தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போனா. நல்ல மனிசி. உன்ரை கடிதம்தான் தேவாலயத்து நோட்டீஸ் வாசிக்கிற மாதிரி இருந்தது. என்னோடை என்னத்துக்கு உந்த எழுத்துத் தமிழ்?

திருநீறு பூசினது நான்தான். ஒளிக்க ஒண்டும் இல்லை. யூன் மாசம் பிள்ளைக்கு டெங்கு. ஆசுபத்திரியிலை அவளின்ரை கட்டிலுக்குக் கீழை பாய் விரிச்சுக் கிடந்தன். உனக்குச் சொல்லேல்லை. சொல்லி நீ என்ன செய்வாய்? அந்தத் தூரத்திலை நிண்டு அந்தரப்படுவாய், அவ்வளவுதான். கீரிமலை நகுலேஸ்வரருக்கு நேந்தன். சுகமாகி வந்ததும் கூட்டிக்கொண்டு போனன். உன்ரை யேசுவையும்தான் கும்பிட்டனான். அதை ஆரும் படம் எடுக்கேல்லை.

ஞாயிற்றுக்கிழமையிலை அவளைத் தெல்லிப்பளைத் தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போறது ஆர் எண்டு நினைக்கிறாய்? மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளம் கரையிலை ஏறிக் கிடந்த நாளிலையும், பஸ் ஓடாத நாளிலையும் உன்ரை அத்தான் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போனவர். நான் போனால் ஆராதனை முடியும் மட்டும் வெளியிலை மதிலோடை குந்தியிருப்பன். “உள்ளுக்கு வாங்கோவன்” எண்டு கேப்பினம். “செருப்புப் பாக்க ஆள் வேணும்” எண்டு சொல்லுவன். சிரிச்சிட்டுப் போவினம்.

உன்னோடை கதைக்காததுக்கு நான் என்ன செய்ய? போனை வச்ச கையோடை அண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை நடந்தது எல்லாத்தையும் எனக்குச் சொல்லுவாள். “உதை அம்மாவுக்குச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை” எண்டு கேட்டன். “அம்மாவுக்கு முதலிலை இருந்து சொல்ல வேணும் பெரியம்மா. டிலக்ஷி ஆர், ரீச்சர் ஆர் எண்டு ஒண்டும் தெரியாது” எண்டாள்.

கோவத்திலை சொல்லேல்லை. சொல்லிப்போட்டுப் புட்டுக்குச் சீனி போட்டுச் சாப்பிட்டாள்.

உதயகலா


ஏரிக்கரை மிஷன் வீடு
20 ஜனவரி 2023

அன்புள்ள அக்கா,

டெங்கு என்று வாசித்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அடுத்த நாள்தான் மிச்சத்தை வாசித்தேன். திருநீற்றைப் பற்றி இனி நான் கதைக்க மாட்டேன். ஆனால் பிள்ளைக்கு வருத்தம் என்றால் எனக்குச் சொல்ல வேண்டும், அக்கா. அந்தரப்படுவதற்காவது எனக்கு உரிமை இருக்கிறது.

உடனே எழுத முடியவில்லை. மழையோடு இங்கே கொலரா வந்துவிட்டது. கிளினிக் முற்றத்தில் கூடாரம் அடித்து, நிலம் எல்லாம் சுண்ணாம்பு போட்டு வைத்திருக்கிறோம். உப்புத் தண்ணீர் கரைத்துப் பருக்குவது, சேலைன் ஏற்றுவது, கட்டில் கழுவுவது, திரும்பவும் கரைப்பது. இவர் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டியைக் கட்டி வருத்தக்காரரை ஏற்றி வருகிறார். ஏற்றி வந்த சிலரை அதே வண்டியில் திரும்ப ஏற்றிக் குழிக்குக் கொண்டுபோகிறார். நேற்று ஒரு தகப்பனுக்கு ஜெபம் பண்ணத் தொடங்கி, இடையில் வசனம் மறந்து, சும்மா நின்றார். நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

போன கிழமை ஒரு இளம் பெண். கைக்குழந்தையோடு வந்தவள். அவள் போய்விட்டாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. அவளின் தமக்கை வந்து குழந்தையைத் துணியால் தன் முதுகில் கட்டிக்கொண்டு போனாள். போகிற வழியிலேயே அது நித்திரையாகிவிட்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்றைக்குத்தான் இவரோடு கதைத்தேன். பட்டினத்தில் எங்கள் மிஷன் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது. விடுதியும் உண்டு. கிழமை முடிவில் எங்களோடு வந்து இருக்கலாம். யூலையில் எங்களுக்கு லீவு. வந்து நிவேதனாவைக் கூட்டிக்கொண்டு வருகிறோம். அவள் முதலில் இருந்து சொல்லட்டும். நான் இருந்து கேட்கிறேன்.

நீங்கள் செய்ததற்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. இதை அவளுக்கு நீங்களே பக்குவமாய்ச் சொல்லுங்கோ.

சுபாஜினி


மயிலிட்டி
3 மார்ச் 2023

சுபா,

நிவேதனா பெரியபிள்ளை ஆயிட்டாள்.

பள்ளிக்கூடத்தாலை வந்து என்னைக் குசினிக்குள்ளை கூப்பிட்டுச் சொன்னாள். உனக்குத்தான் முதல் போன் எடுத்தன். போகேல்லை. அடுத்த நாளும் போகேல்லை. “அம்மாவுக்குச் சொல்லியாச்சோ?” எண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். “எடுக்கிறன் பிள்ளை, எடுக்கிறன்” எண்டன்.

எங்களுக்குச் சகோதரன் இல்லாதபடியாலை ஒண்டுவிட்ட அண்ணை வந்து தேங்காய் உடைச்சார். நீ விட்டிட்டுப் போன நீலச் சேலையைத்தான் உடுத்திவிட்டன். ஆலாத்தி எடுத்தம். பந்தலும் பாட்டும் இல்லை, அயலட்டை மட்டும்தான். உங்கடை முறையிலை உது இல்லை எண்டு தெரியும். ஆனால் கூடப் படிக்கிற பெட்டையளுக்கு எல்லாம் செய்யேக்கை, எங்கடை பிள்ளையை மூலையிலை இருத்தி வைக்க எனக்கு மனம் வரேல்லை. உன்ரை அத்தான் அண்டைக்குக் கடலுக்குப் போகேல்லை. புதுச் சாரம் உடுத்துக்கொண்டு வாசலிலை நிண்டு ஆக்களை “வாங்கோ, இருங்கோ” எண்டார். அந்த மனிசன் அவ்வளவு கதைச்சு நான் கண்டதில்லை.

கூட்டிக்கொண்டு போறன் எண்டு எழுதியிருக்கிறாய். நாலு வருசம் இஞ்சை வளந்த பிள்ளையை, கடையிலை பாக்கச் சொல்லி வச்சிட்டுப் போன பையைத் திருப்பிக் கேக்கிற மாதிரிக் கேக்கிறாய். முதல் அவளிட்டைக் கேட்டனியோ?

நான் சொல்லிப் பாத்தன். எழும்பிப் போய்ப் படலையைச் சாத்திப்போட்டு வந்து இருந்தாள். 

உதயகலா


ஏரிக்கரை மிஷன் வீடு
9 ஏப்ரல் 2023

அக்கா,

என் மகள் பெரியபிள்ளை ஆனதை நான் முகநூலில் அறிந்தேன். உங்கள் கடிதம் வருமுன்னமே ஆரோ படத்தைப் போட்டு, அதை எங்கள் தலைமைப் போதகர் பார்த்து, இவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். “உமது வீட்டில் உள்ளதைக் கவனித்தீரோ” என்று கேட்டாராம். இவர் அதை எனக்குச் சொல்லவில்லை. ஸ்ரெல்லா சொல்லித்தான் தெரியும்.

நாங்கள் சனங்களைப் புதைத்துக்கொண்டு இருந்த நாட்களில் நீங்கள் என் பிள்ளைக்கு என் சேலையை உடுத்தி ஆலாத்தி எடுத்திருக்கிறியள். யூலை மட்டும் பொறுத்திருந்தால் என்ன? நான் வந்திருப்பேன். இல்லை, நான் வரக்கூடாது என்றுதான் அவசரப்பட்டனீங்களோ?

உங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையை என் பிள்ளையை வைத்துத் தீர்க்கப் பார்க்கிறியள்.

யூலைக் கடைசியில் வருகிறோம். அவளுக்குப் பாஸ்போட் எடுக்க வேண்டும். இவருடைய அண்ணன் வட்டுக்கோட்டையில் இருந்து வந்து கூட்டிக்கொண்டு போவார். அனுப்பிவிடுங்கோ.

சுபாஜினி


மயிலிட்டி
21 மே 2023

சுபா,

உன்ரை கடிதத்தை அத்தான்தான் முதல் வாசிச்சார். வாசிச்சுப்போட்டு மடிச்சுத் தன்ரை சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை வச்சுக்கொண்டார். உடுப்புத் தோய்க்கேக்கை நான் எடுத்து வாசிச்சன்.

வா. வந்து கூட்டிக்கொண்டு போ.

பாஸ்போட்டுக்குப் போயிட்டு வந்தாச்சு. வரமாட்டன் எண்டு நிக்கிறாள். சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறாள். அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் வரேக்கை வெளிக்கிட்டு நிப்பாள்.

கத்தரிக்காய் தின்னமாட்டாள். குழம்பிலை மசிச்சு விட்டால் தெரியாமல் தின்னுவாள். தலை ஈரத்தோடை படுத்தால் இருமல் வரும். பள்ளிக்கூடச் சோதினை நாளிலை வயித்துக்குத்து எண்டுவாள், அது பயத்திலை வாறது, மருந்து குடுக்காதை. கொஞ்ச நேரம் முதுகைத் தடவிவிட்டால் காணும்.

இனி எனக்கு எழுத ஒண்டும் இல்லை.

உதயகலா


ஏரிக்கரை மிஷன் வீடு
12 நவம்பர் 2023

அக்கா,

இந்த முறை நோட்டீஸ் எழுதேல்லை. வீட்டிலை வந்து நிண்டு போன பிறகு அந்த எழுத்து எனக்கு வருகுதில்லை.

நிவேதனா சுகம். பள்ளிக்கூடத்திலை நல்ல பிள்ளை எண்டு சொல்லுகினம். வெள்ளிக்கிழமை பின்னேரம் இவர் போய்க் கூட்டிக்கொண்டு வருவார். வந்தால் கிளினிக்கிலை எனக்குப் பஞ்சு வெட்டித் தருவாள், கோப்பை கழுவுவாள், ஜெபத்துக்கு வந்து இருப்பாள். ஒண்டுக்கும் மாட்டன் எண்டு சொல்லுறேல்லை. அதுதான் அக்கா எனக்குப் பயமாய் இருக்கு. தண்ணி குடிக்கவும் “குடிக்கட்டோ அம்மா?” எண்டு கேக்கிறாள். விருந்துக்கு வந்த வீட்டிலை பிள்ளையள் இருக்கிற மாதிரி இருக்கிறாள். குழம்பிலை கத்தரிக்காயை மசிச்சு விட்டன். கண்டுபிடிச்சிட்டாள். ஆனாலும் திண்டாள்.

நீங்கள் போன் எடுத்தால் எழும்பிப் போறாள். “பெரியம்மாவோடை ஏன் கதைக்கிறாய் இல்லை?” எண்டு நான் கேட்டுக் கேட்டு, போன கிழமைதான் வாய் திறந்தாள்.

“பெரியம்மாவுக்கு நான் அலுத்துப் போச்சுதாம். ‘ஆரோ பெத்த பிள்ளையை எவ்வளவு காலத்துக்கு வச்சுப் பாக்கிறது? நீ போனால்தான் எனக்கு நிம்மதி’ எண்டு சொன்னவ. அதாலைதான் வந்தனான்.”

அழேல்லை. எங்கேயோ வாசிச்சதைச் சொல்லுற மாதிரிச் சொன்னாள்.

அக்கா, நீங்கள் அப்பிடிச் சொன்னனீங்களோ? நாங்கள் வாகனத்திலை ஏறேக்கை நீங்கள் குசினியை விட்டு வெளியிலை வரேல்லை. தேங்காய் துருவிற சத்தம் மட்டும் கேட்டுது. அத்தான்தான் சூட்கேசைத் தூக்கி வச்சார். கோவம் எண்டு நினைச்சன். என்ரை கடிதத்துக்குக் கோவப்பட உங்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. நான் எழுதின அந்த ஒரு வரியை எந்தத் தண்ணியிலை கழுவிறது எண்டு எனக்குத் தெரியேல்லை.

சொல்லுங்கோ. அவள் சொல்லுறது உண்மையோ?

சுபா


மயிலிட்டி
16 பெப்ரவரி 2024

சுபா,

ஓம். சொன்னனான்.

வேறை என்னத்தைச் சொல்லி அனுப்ப? நல்ல வார்த்தை எல்லாம் சொல்லிப் பாத்தாச்சு. அம்மா பாவம் எண்டன், அப்பா பாவம் எண்டன். “நீங்கள் மட்டும் பாவம் இல்லையோ?” எண்டு கேட்டாள். நான் பாவம் எண்டு அவள் நினைக்கும் மட்டும் அசையமாட்டாள் எண்டு அப்பதான் விளங்கினது. கிணத்தடியிலை நிண்டு சொன்னன். அவளின்ரை முகத்தைப் பாத்துச் சொல்லேல்லை, வாளியைப் பாத்துத்தான் சொன்னன்.

நீ எழுதினதுக்காக அனுப்பேல்லை. நீ எழுதினதிலை கொஞ்சம் உண்மையும் கிடந்தது. அதுதான் சுட்டது.

இன்னொண்டு. போனிலை சொல்ல வாய் வரேல்லை, எப்பிடி எழுதிறது எண்டும் தெரியாமல் ரெண்டு மாசமாய் வச்சுக்கொண்டிருக்கிறன். உன்ரை அத்தான் போயிட்டார்.

மார்கழிப் பனிக்குள்ளை கடலுக்குப் போயிட்டு வந்தவர். வலையை ரோலர் இழுவைப்படகு அறுத்துப்போட்டுது. கரையிலை இருந்து அதைப் பொத்திக்கொண்டு இருக்கேக்கை “நெஞ்சுக்கை ஏதோ செய்யுது” எண்டிருக்கிறார். ஓட்டோவிலை ஏத்தினவை. நான் போய்ச் சேர முதல் முடிஞ்சுது. அவரின்ரை தமையன்ரை மகன் கொள்ளி வச்சவன்.

அவள் போன பிறகு அந்த மனிசன் சரியாய்ச் சாப்பிடேல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பிச் சைக்கிளைத் துடைச்சுக் காத்து அடிச்சு வைப்பார். “ஆரை ஏத்தப் போறியள்?” எண்டு கேட்டால், “துருப் பிடிச்சுப் போம்” எண்டுவார். நான் அவளுக்கு அப்பிடிச் சொன்னதை அவருக்கும் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் என்னோடை கதைச்சிருக்க மாட்டார்.

இதை அவளுக்குச் சொல்லாதை. சொன்னால் வாறன் எண்டு நிப்பாள். என்னிலை வெறுப்போடை இருந்தால் எண்டாலும் உங்களோடை ஒட்டிக்கொள்ளுவாள். இன்னும் ஒரு வருசம் போகட்டும். பேந்து ஏதாவது சொல்லிச் சமாளிப்பம்.

தனிய இருக்கிறது பழகிப் போம். பக்கத்து வீட்டுக் கனகாம்பிகை இரவிலை வந்து படுக்கிறவ. என்னைப் பற்றி யோசியாதை.

உதயகலா


ஏரிக்கரை மிஷன் வீடு
28 ஏப்ரல் 2024

அக்கா,

தபாலிலை விட்டால் பிந்திப் போம் எண்டு இந்தக் கடிதத்தைப் படம் எடுத்துப் போனிலை அனுப்புறன். நிவேதனா ஸ்ரெல்லாவோடை வாறாள். திகதியைப் போனிலை சொல்லுறன்.

நீங்கள் கேட்டபடி நடக்கேல்லை. உங்கடை கடிதத்தை வாசிச்சுப்போட்டு நான் கிளினிக் பின்பக்கத்திலை நிண்டு அழுததை இவர் கண்டிட்டார். அவரும் வாசிச்சார். “மேடையிலை ஏறி நிண்டு ஊருக்கு உண்மையைச் சொல்லுற நான், என்ரை பிள்ளைக்கு இதை எப்பிடி ஒளிக்கிறது?” எண்டு கேட்டார். அவர்தான் அவளுக்குச் சொன்னவர். அத்தான் போனதையும் சொன்னார், நீங்கள் ஏன் அப்பிடிக் கதைச்சு அனுப்பினனீங்கள் எண்டதையும் சொன்னார்.

எட்டு மாசத்திலை அண்டைக்குத்தான் அக்கா அவள் இந்த வீட்டிலை சத்தம் போட்டு அழுதவள். நான் பிடிக்கப் போனன், தட்டிவிட்டாள். “எல்லாரும் எனக்காக எனக்காக எண்டு சொல்லிச் சொல்லி எனக்குப் பொய்தான் சொல்லுறியள். பெரியம்மாவும் பொய். நீங்களும் ரெண்டு வருசத்திலை வாறம் எண்டு பொய். பெரியப்பா மட்டும்தான் ஒண்டும் சொல்லாமல் இருந்தவர்” எண்டு கத்தினாள். கரைக்கு ஓடிப்போய் வள்ளங்களுக்கு இடையிலை இருந்தாள். இவர் போய்ப் பக்கத்திலை இருந்தார். ஜெபம் பண்ணேல்லை, புத்தி சொல்லேல்லை. இருட்டும் மட்டும் ரெண்டு பேரும் அப்பிடியே இருந்திச்சினம். வரேக்கை அவர் சொன்னார்: “அவள் போகட்டும், சுபா. நாங்கள் கூட்டிக்கொண்டு வந்தது எங்கடை மனம் ஆறத்தான்.”

“பெரியம்மா தனிய” எண்டதைத் தவிர அவள் காரணம் ஒண்டும் சொல்லேல்லை. வேறை காரணம் தேவையும் இல்லை.

இவர் என்னையும் போகச் சொன்னார். “நான் சமாளிப்பன். நீயும் அவளோடை போய் இரு” எண்டார். மனசாரத்தான் சொன்னார். நான் யோசிக்கிறன் எண்டன்.

நேற்றுப் பின்னேரம் அவளின்ரை சூட்கேசை அடுக்கிக்கொண்டு இருந்தன். அவள் கட்டிலிலை இருந்து ஒவ்வொரு உடுப்பாய் எடுத்துத் தந்தாள். கதவைப் பாத்துக்கொண்டு, மெல்லமாய், “அம்மா, நீங்களும் வாங்கோவன்” எண்டாள்.

இஞ்சை வந்த நாளிலை இருந்து என்னட்டை அவள் கேட்ட ஒரே ஒரு காரியம் அது, அக்கா.

இந்த மாசம் பிள்ளைப்பெற இருக்கிற பெண்டுகள் கனபேர். கொலராவுக்குப் பிறகு இந்தக் கரையிலை என்னை விட்டால் பிள்ளைப்பேறு பாக்க வேறை ஆள் இல்லை. இதெல்லாம் உண்மைதான். ஆனால் அதைச் சொன்னால் அவள் “ஓம்” எண்டு சொல்லியிருப்பாள். அந்த “ஓம்”ஐ இன்னொருக்காக் கேக்க எனக்குப் பெலன் இல்லை. நான் கையிலை இருந்த சட்டையை மடிச்சுக்கொண்டே இருந்தன். அவள் பாத்தாள். பேந்து அடுத்த சட்டையை எடுத்துத் தந்தாள்.

நான் வரேல்லை. ஏன் எண்டு கேக்காதேங்கோ. எனக்கே வடிவாய் விளங்கியிருந்தால் அவளுக்குச் சொல்லியிருப்பன்.

அவளை நீங்கள் பறிச்சீங்கள் எண்ட மாதிரி எழுதினன். பறிக்கேல்லை. நான்தான் வச்சிட்டுப் போனனான், இப்பவும் நான்தான் அனுப்புறன்.

பஸ்ஸாலை இறங்கினதும் கோவமாய்த்தான் நிப்பாள். கதைக்க மாட்டாள், உங்கடை முகத்தைப் பாக்கவும் மாட்டாள். நீங்களும் ரோசத்திலை வாளியைப் பாத்துக்கொண்டு நிண்டிடாதேங்கோ. கட்டிப்பிடியுங்கோ. திமிறுவாள். விட்டிடாதேங்கோ அக்கா.

சுபா